செம்பில் வெட்டிய படங்கள்: பழைய பிரிட்டிஷ் அச்சுப்படங்களை எப்படிப் பார்ப்பது?

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடமோ தூக்கோ வாங்கினால் பேர் வெட்டித் தருவார்கள். அந்த வெட்டுக்குள் கொஞ்சம் கெட்டி மையைத் தேய்த்து, மேலே ஒட்டியதை மட்டும் துணியால் துடைத்துவிட்டு, ஈரமான காகிதத்தை வைத்து பலமாக அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் தங்கிய மை காகிதத்தில் ஏறிவிடும். பேர் இடவலம் மாறித்தான் தெரியும், ஆனால் தெரியும். இப்போது குடம் இருந்த இடத்தில் தட்டையான ஒரு செப்புத் தகடு, பேர் இருந்த இடத்தில் ஒரு முழுப் படம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு பெரிய வியாபாரமே இந்த வேலையின்மேல் நின்றது.

பேர் வெட்டுவதை நான் உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து ஆங்கில அச்சுப்படங்களில் முதல் பெயராக வரும் வில்லியம் ஹோகார்த், சிறுவயதில் தொழில் பழகியது வெள்ளிப் பாத்திரங்களில் குடும்பச் சின்னமும் அலங்காரமும் வெட்டும் ஒரு பட்டறையில்தான். வெள்ளியில் வெட்டிய கை பிறகு செம்புக்கு மாறியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரிண்ட் என்று சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது கணினியில் பட்டனைத் தட்டினால் வெளியே வரும் காகிதம், அதாவது எங்கோ இருக்கும் அசலின் நகல். நான் பேசப்போகும் படங்கள் அப்படியானவை அல்ல. அவற்றில் பல, தகட்டில் வெட்டுவதற்காகவே யோசித்து வரையப்பட்டவை. வண்ணத்தில் தீட்டிய அசல் என்று ஒன்று அவற்றுக்குக் கிடையவே கிடையாது, தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு காகிதமும் அசல்தான். மற்றவை, ஏற்கெனவே ஒருவர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து இன்னொருவர் தகட்டில் வெட்டியவை. இந்த இரண்டாவது வகையைத்தான் பலர் வெறும் நகல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன், ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

சரி, தகட்டில் எப்படி வெட்டுவார்கள்? அடிப்படையான முறை என்கிரேவிங். பியூரின் என்று ஒரு சின்ன எஃகு உளி. அதன் பின்பக்கக் கட்டை உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும், கூரான முனையை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். செம்பு மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வரும். வளைந்த கோடு வேண்டுமானால் கையை வளைப்பதைவிட, மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் தகட்டை வைத்து அதைத்தான் திருப்புவார்கள். ஆழமாக வெட்டினால் கோடு தடிக்கும், லேசாக வெட்டினால் மெலியும். நிழலோ வானமோ பட்டுத்துணியின் பளபளப்போ, எல்லாவற்றையும் கோட்டின் தடிமன், கோடுகளுக்கு இடையிலான தூரம், குறுக்கே வெட்டும் கோடுகள், நடுவில் வைக்கும் புள்ளிகள் ஆகியவற்றை மட்டும் வைத்தே கொண்டுவர வேண்டும். பெரிய தகடு ஒன்றுக்கு வருடக்கணக்கில் வேலை இழுக்கும்.

இரண்டாவது முறை எட்சிங். இதில் செம்பை வெட்டும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு, அதன்மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு மட்டும் விலகிச் செம்பு வெளியே தெரியும், தகட்டை அமிலத்தில் போட்டால் வெளியே தெரிகிற இடத்தை மட்டும் அரித்துவிடும். எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு ஆழம். மெழுகில் ஊசி வழுக்கிக்கொண்டு ஓடுவதால் பேனாவில் கிறுக்கும் சுதந்திரம் கைக்கு வந்துவிடும். நடைமுறையில் பெரும்பாலானோர் இரண்டையும் கலந்தே செய்தார்கள்: முதலில் அமிலத்தால் அரித்து எலும்புக்கூட்டை அமைத்துக்கொண்டு, பிறகு உளியால் சதை வைப்பது.

எந்த முறையாக இருந்தாலும் அச்சடிப்பது ஒரே மாதிரிதான். தகட்டைச் சூடாக்கி மை தேய்ப்பார்கள், துடைப்பார்கள், ஈரக் காகிதத்தையும் கம்பளித் துணியையும் மேலே போட்டு இரண்டு உருளைகளுக்கு நடுவே கரும்பு கொடுப்பதுபோலக் கொடுத்து எடுப்பார்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் இதே பாடு, மறுபடி மை, மறுபடி துடைப்பு. அச்சடிப்பவரின் கைப்பக்குவம் இதில் முக்கியம், ஏனென்றால் கொஞ்சம் அதிகமாகத் துடைத்தால் நிழல் வெளுத்துப்போகும். எல்லாமே இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்துகளையும் வெட்டுகிறவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரிதான் வெட்டியாக வேண்டும்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஹோகார்த்தின் 'ஜின் லேன்', 1751. லண்டனில் மலிவான ஜின் சாராயம் ஏழைகளை அழித்துக்கொண்டிருந்த காலம். படத்தின் நடுவில் படிக்கட்டில் ஒரு தாய், காலெல்லாம் புண், மூக்குப்பொடி எடுத்துக்கொண்டிருக்கிறாள். மடியிலிருந்த குழந்தை கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறது, அவளுக்கு அது தெரியவில்லை. கீழே எலும்பும் தோலுமாக ஒருவன். இடதுபக்கம் அடகுக்கடை: தச்சன் தன் ரம்பத்தை அடகு வைக்கிறான், ஒரு பெண் சமையல் பாத்திரத்தையே கொண்டுவந்து நிற்கிறாள். ஒரு மனிதனும் நாயும் ஒரே எலும்பைக் கடிக்கிறார்கள். பின்னால் இடிந்துவிழும் வீடுகள், தூரத்தில் ப்ளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் கோபுரம். இதனுடன் ஜோடியாக வந்தது 'பீர் ஸ்ட்ரீட்'. அங்கே எல்லோரும் கொழுத்துச் சிரிக்கிறார்கள், பாழடைந்து நிற்பது அடகுக்கடை மட்டும்தான்.

ஹோகார்த் இந்த இரண்டையும் படம் ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார், நல்ல காகிதத்தில் வேண்டுமானால் ஒன்றரை ஷில்லிங். நுணுக்கமான அழகான வெட்டு இதற்கு வேண்டாம், விலை குறைவாக இருக்க வேண்டும், பலபேர் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். கோடுகளைப் பாருங்கள், முரட்டுத்தனமாக இருக்கும், வேண்டுமென்றே செய்தது. அதே 1751இல் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. படம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது, அப்போது பலரும் அதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் குரல்களில் இன்றுவரை நம் கண்ணில் நிற்பது இந்தப் படம்தான்.

இதற்கு முன்பே ஹோகார்த் ஒரு பெரிய சண்டையில் ஜெயித்திருந்தார். 1732இல் அவர் வெளியிட்ட 'எ ஹார்லட்ஸ் ப்ராக்ரஸ்', கிராமத்திலிருந்து லண்டனுக்கு வரும் ஒரு பெண்ணின் வீழ்ச்சியைச் சொல்லும் 6 படங்கள். ஒரு தொகுதி ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், முன்பணம் கட்டி வாங்கியவர்களே ஆயிரத்துக்கும் மேல். உடனே மற்றவர்கள் காப்பியடித்து மலிவாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள், சட்டப்படி அவர்களைத் தடுக்க வழியில்லை. புத்தகத்துக்குக் காப்புரிமை 1710லேயே வந்துவிட்டது, படத்துக்குக் கிடையாது. ஹோகார்த்தும் சக கலைஞர்களும் பாராளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். 1735இல் சட்டம் வந்தது, வெளியான நாளிலிருந்து 14 வருடப் பாதுகாப்பு. தன்னுடைய அடுத்த தொகுதியான 'எ ரேக்ஸ் ப்ராக்ரஸ்' தயாராக இருந்தும், சட்டம் அமலுக்கு வரும் ஜூன் 25 வரை அவர் வெளியிடாமல் வைத்திருந்தார். திருடர்கள் அப்போதும் விடவில்லை. ஓவியங்களைப் பார்க்க வருவதுபோல ஆளனுப்பி, நினைவில் வைத்துக்கொண்டதை வரைந்து, அசல் வருவதற்கு முன்பே போலியை வெளியிட்டார்கள். ஹோகார்த் இறந்த பிறகு, 1767இல் பாதுகாப்பு 28 வருடமாக நீட்டிக்கப்பட்டது. அவருடைய மனைவி ஜேனுக்கென்று தனியாக 20 வருட உரிமையும் அந்தச் சட்டத்திலேயே கொடுத்தார்கள்.

இந்தச் சட்டக் கதை எதற்கு என்றால், பழைய அச்சுப்படத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகள் இதனால்தான் நமக்குப் பயன்படுகின்றன. பாதுகாப்பு வேண்டுமானால் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்றது சட்டம். ஆகவே பெரும்பாலான படங்களின் அடியில் நாள், மாதம், வருடம், யார் வெளியிட்டார், எந்தத் தெருவில் கடை என்பதுவரை இருக்கும். ஓவியங்களில் தேதி தேடி அல்லாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். அந்த வரிக்கு மேலே, படத்தை ஒட்டி இடது ஓரத்தில் ஒரு பெயர், வலது ஓரத்தில் ஒரு பெயர். இடதுபக்கப் பெயருக்குப் பின்னால் 'பிங்க்ஸிட்' என்றிருந்தால் அவர் தீட்டியவர். 'டெலினியாவிட்', சுருக்கமாக 'டெல்', என்றால் வரைந்தவர். வலதுபக்கம் 'ஸ்கல்ப்ஸிட்' அல்லது 'ஸ்கல்ப்' என்றால் அவர் தகட்டில் வெட்டியவர். 'எக்ஸ்குடிட்' என்றால் வெளியிட்டவர். எல்லாம் லத்தீன் சொற்கள், நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும். இடதுபக்கப் பெயரை மட்டும் படித்துவிட்டு இது ஓவியர் ரெனால்ட்ஸின் படம் என்று சொல்லி நகர்ந்துவிடுபவர்கள் அதிகம். வலதுபக்கப் பெயரையும் படியுங்கள், உங்கள் கையில் இருப்பது அவர் உழைப்பு.

இங்கேதான் அந்த அநியாயத்துக்கு வருகிறோம். வண்ண ஓவியம் ஒன்றைக் கறுப்புக் கோடுகளாக மாற்றுவது என்பது மொழிபெயர்ப்பு. சிவப்பும் பச்சையும் ஒரே அளவு இருட்டாக இருந்தால், கறுப்பு வெள்ளையில் இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? மேகத்துக்கு எந்த மாதிரிக் கோடு, தண்ணீருக்கு எது, குதிரையின் தோலுக்கு எது? ஒவ்வொன்றையும் வெட்டுகிறவர்தான் முடிவு செய்கிறார். பெஞ்சமின் வெஸ்ட் தீட்டிய 'ஜெனரல் வுல்ஃபின் மரணம்' ஓவியத்தை வில்லியம் வூலெட் தகட்டில் வெட்டி 1776இல் வெளியானபோது அது ஐரோப்பா முழுவதும் விற்றது. ஓவியத்தை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். உலகம் பார்த்தது வூலெட்டின் கோடுகளை. புகைப்படம் வருவதற்கு முன்னால் ஒரு ஓவியம் பிரபலம் ஆனது என்றால் அது பெரும்பாலும் இப்படித்தான்.

இருந்தும் 1768இல் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர் அமைப்பு தொடங்கியபோது, தகடு வெட்டுபவர்களுக்கு முழு உறுப்பினர் தகுதி கிடையாது என்று வைத்தார்கள். கொஞ்ச நாளில் இணை உறுப்பினர் என்ற கீழ்ப்படியில் 6 பேருக்கு இடம் கொடுத்தார்கள். ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் என்ற புகழ்பெற்ற கலைஞர் கோபத்தில் இதை எதிர்த்து அச்சிலேயே எழுதினார். முழு உறுப்பினர் ஆவதற்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த அகாடமி ஓவியர்களின் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள்தான்.

பணம் போட்டவர்களில் பெரிய கை ஜான் பாய்டெல். அவரும் தகடு வெட்டுபவராகத் தொடங்கியவர், பிறகு வெளியீட்டாளராகி, பிரெஞ்சுப் படங்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாட்டை ஏற்றுமதி செய்யும் நாடாக மாற்றுவதில் பெரும்பங்கு வகித்து, 1790இல் லண்டன் மேயராகவும் ஆனார். 1789இல் ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை ஓவியர்களிடம் தீட்டச்சொல்லி ஒரு காட்சிக்கூடமே திறந்தார், அவற்றை அச்சுப்படங்களாக விற்றுப் போட்ட பணத்தை எடுக்கலாம் என்ற கணக்கு. பிரான்சுடன் யுத்தம் வந்தது, ஏற்றுமதி நின்றது, கணக்கு உடைந்தது. கடைசியில் பாராளுமன்ற அனுமதியோடு ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விட்டார்கள். குலுக்கல் நடப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1804 டிசம்பரில், அவர் இறந்துபோனார்.

எனக்கு மிகவும் பிடித்த முறைக்கு இப்போது வருகிறேன்: மெசோடின்ட். இதுவரை சொன்னவற்றில் வெள்ளைக் காகிதத்தில் கறுப்புக் கோடு போடுகிறோம். மெசோடின்ட் இதற்கு நேர்மாறு. ராக்கர் என்று பிறை வடிவில் பல் வைத்த ஒரு கருவியால் தகடு முழுவதையும் முன்னும் பின்னும், குறுக்கும் நெடுக்குமாக, திசை மாற்றி மாற்றிக் கொத்துவார்கள். மணிக்கணக்கில், நாள்கணக்கில். அம்மி கொத்துவது மாதிரி, ஆனால் ஒரு கடுகளவு இடம் விடாமல். அந்த நிலையில் அச்சடித்தால் வெல்வெட் மாதிரி ஒரே கருங்கறுப்பு விழும், வேறொன்றும் தெரியாது. அப்புறம் கலைஞர் சொரசொரப்பைச் சுரண்டியும் தேய்த்தும் மழமழப்பாக்கிக்கொண்டே போவார். மழமழப்பாகும் இடத்தில் மை நிற்காது, அங்கே வெளிச்சம் வரும். இருட்டுக்குள்ளிருந்து ஒரு நெற்றி, ஒரு கன்னம், ஒரு கை மெல்ல வெளியே வருகிறது. கோடே கிடையாது. இந்த முறையைக் கண்டுபிடித்தது 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மன்காரரான லூட்விக் ஃபான் சீகன். ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் அதில் காட்டிய தேர்ச்சியைப் பார்த்து, பிரெஞ்சுக்காரர்களே அதை 'இங்கிலீஷ் பாணி' என்று அழைத்தார்கள்.

மனித முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை, அதனால்தான் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய உருவப்படங்கள் கும்பல் கும்பலாக மெசோடின்டில் வந்தன. ரெனால்ட்ஸ் பயன்படுத்திய சில வண்ணங்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே வெளுக்கத் தொடங்கிவிட்டன. சில ஓவியங்களில் முகங்கள் இன்று பேய் மாதிரி வெளிறிக் கிடக்கின்றன. அவருடைய ஒளியும் நிழலும் முதலில் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள மெசோடின்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொரு ஜோடி, ஜோசப் ரைட்டும் வாலன்டைன் கிரீனும். ரைட் 1768இல் தீட்டிய 'காற்றுப் பம்பில் பறவையை வைத்து ஒரு சோதனை' என்ற ஓவியத்தில் ஒரே ஒரு வெளிச்சம், மேசைமேல் கண்ணாடி ஜாடிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. சுற்றி நிற்பவர்களின் முகங்கள் இருட்டிலிருந்து பளிச்சிடுகின்றன. 1769இல் கிரீன் அதை மெசோடின்ட் ஆக்கினார். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் முறைக்கு இதைவிட ஏற்ற ஓவியம் கிடைக்குமா?

மெசோடின்டின் குறை அதன் ஆயுள். மையைப் பிடித்துவைக்கும் அந்தப் பிசிர்கள் அழுத்தத்தில் சீக்கிரமே தேய்ந்துவிடும், நல்ல கருமையோடு சில நூறு படங்களே எடுக்க முடியும், அதன் பிறகு நிழல்கள் சாம்பலாகிவிடும். எனவே ஒரே தகட்டின் முதல் பிரதிக்கும் முந்நூறாவது பிரதிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். வாங்குபவர்கள் இதை அறிந்திருந்தார்கள், தலைப்பு எழுத்துகள் வெட்டுவதற்கு முன்பே எடுத்த பிரதிகளுக்கு அதனால் அதிக விலை கொடுத்தார்கள். தகட்டில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்டேட் என்பார்கள், முதல் ஸ்டேட், இரண்டாம் ஸ்டேட் என்று. ஓவியர் டர்னர் 1807 முதல் 1819 வரை வெளியிட்ட 'லீபர் ஸ்டுடியோரம்' தொகுதியின் 71 படங்கள் எட்சிங் கோடும் மெசோடின்ட் நிழலும் கலந்தவை. பெரும்பாலும் கோடுகளை டர்னரே போட்டார், தேய்ந்த தகட்டை அவரே உட்கார்ந்து சரிசெய்ததும் உண்டு, சிலசமயம் காலை வெளிச்சத்தையே மாலை ஆக்கிவிடும் அளவுக்கு.

ஸ்டிப்பிள் என்று ஒன்று உண்டு, கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளால் செய்வது. 1764இல் லண்டனுக்கு வந்த இத்தாலியர் பார்டொலோஸி அதில் பெயர் பெற்றார். செம்மண் நிற மையில் அச்சடித்த இனிப்பான பெண் முகங்களும் குழந்தைகளும் அந்த முறையில் ஏராளம். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

அக்வாடின்ட் கதை வேறு, அதில் நம் ஊரும் வருகிறது. தகட்டின்மேல் குங்கிலியப் பொடி போன்ற பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும்; அமிலம் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் அரிக்கும். அச்சடித்தால் வாட்டர்கலர் தூரிகையால் மெல்லிசாகப் பூசிய மாதிரி சாம்பல் நிறம் வரும். வெளுப்பாக இருக்க வேண்டிய பகுதியை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிலத்தில் போட்டால் மற்ற பகுதிகள் கருக்கும், இப்படிப் படிப்படியாக. பிரான்சிலிருந்து வந்த இந்த உத்தியை இங்கிலாந்தில் பரப்பியவர் பால் சேண்ட்பி, 1775இல் அவர் வெளியிட்ட தெற்கு வேல்ஸ் காட்சிகளில். வானம், மூடுபனி, தூரத்து மலை எல்லாம் இதில் அற்புதமாக வரும், மேலே கையால் வண்ணம் பூசினால் வாட்டர்கலர் ஓவியம் என்றே நினைத்துவிடுவோம்.

இந்த முறையில் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் செய்த வேலையைத் தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தபோது வில்லியமுக்கு 17 வயதுகூட ஆகவில்லை. 1792, 1793இல் தென்னிந்தியா முழுக்கப் பயணம் செய்து வரைந்தார்கள், படத்தைத் திரையில் விழச்செய்யும் கேமரா அப்ஸ்கூரா பெட்டியையும் பயன்படுத்தினார்கள். 1794இல் இங்கிலாந்து திரும்பி, 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அக்வாடின்ட் படங்களை வெளியிட்டார்கள். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோவில், அங்கே இருக்கும் நந்தி, மதுரை அரண்மனையின் இடிபாடுகள், பாபநாசம் அருவி, சென்னைக் கோட்டை, மாமல்லபுரம் எல்லாம் அதில் உண்டு. தெரிந்த இடத்தை 230 வருடத்துக்கு முந்தைய வெளிச்சத்தில் பார்க்கும்போது நெஞ்சு லேசாக அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, இவை லண்டனில் இருந்த பணக்கார வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. பாழடைந்த மண்டபம், ஒதுங்கிய மரம், நிழலில் சின்னச் சின்ன மனிதர்கள் என்று அவர்கள் ரசனைக்கு ஏற்பக் காட்சியை அடுக்கியிருப்பார்கள், கம்பெனி நம் நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஆவணமாகவும் பார்க்க வேண்டும், அந்தக் கண் எதைத் தேடியது என்றும் பார்க்க வேண்டும்.

பணக்கார வீட்டுச் சுவரிலிருந்து தெருவுக்கு வருவோம். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண் கடை, உரிமையாளர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி. அவர் கடை ஜன்னலில் புதுப்படம் மாட்டினால் தெருவில் கூட்டம் சேரும். அதே கட்டடத்தின் மாடியில் தங்கி அவருக்காகக் கேலிச்சித்திரங்கள் போட்டுக்கொடுத்தவர் ஜேம்ஸ் கில்ரே. பெரும்பாலும் எட்சிங், மேலே கையால் வண்ணம். 1805இல் வந்த 'ப்ளம் புட்டிங்' படத்தில் பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் ஒரு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, பூமி உருண்டையைச் சாப்பாட்டுப் பண்டம் மாதிரி வெட்டிப் பங்குபோடுகிறார்கள். பிட் கடலை அள்ளிக்கொள்கிறார், நெப்போலியன் ஐரோப்பாவை. இன்றைய பத்திரிகைகளில் அரசியல் கார்ட்டூன் பார்க்கிறோமே, இரண்டு தலைவர்கள் எதையாவது பங்குபோடும் படம், அதற்கெல்லாம் இதுதான் பாட்டன்.

சரி, கையில் ஒரு படம் கிடைத்தால் என்ன செய்வது? முதலில் ஓரத்தை விரலால் தடவுங்கள், அல்லது சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடு அழுத்திய இடத்தில் காகிதம் லேசாக உள்வாங்கி, செவ்வகமாக ஒரு தடம் இருக்கும். செப்புத் தகட்டு அச்சுக்கு அதுதான் கைரேகை, ஓரத்தை வெட்டிவிட்டிருந்தால் மட்டும் தெரியாது. அடுத்தது பூதக்கண்ணாடி. என்கிரேவிங் கோடு தொடக்கத்திலும் முடிவிலும் ஊசியாகக் கூர்ந்து, நடுவில் பருத்திருக்கும். எட்சிங் கோட்டின் முனை மொட்டையாக, கோடு சற்று நடுங்கினாற்போல இருக்கும். மெசோடின்டில் மெல்லிய குறுக்குநெடுக்குக் கொத்துகள், அக்வாடின்டில் வறண்ட ஏரி மண் வெடித்த மாதிரி வலைப்பின்னல். வரிசை பிசகாமல் நிற்கும் ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பின்னாளில் இயந்திரத்தில் அடித்த மறுபதிப்பு, எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் சரி. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீர்க்குறியையும், அதாவது காகிதத்துக்குள்ளேயே மங்கலாகத் தெரியும் காகிதத் தயாரிப்பாளரின் முத்திரையையும், தேடுங்கள். 'ஜே வாட்மன்' என்ற பெயரும் ஒரு வருடமும் தெரியலாம். 1794 முதல் நீர்க்குறியில் வருடம் போடும் வழக்கம் பரவலானது. படத்தின் அடியில் 1790 என்றும் நீர்க்குறியில் 1820 என்றும் இருந்தால், பழைய தகட்டில் பிறகு எடுத்த பிரதி என்று புரிந்துகொள்ளலாம்.

இதுவரை பேசியதெல்லாம் பள்ளத்தில் மை நிற்கும் முறைகள். அவற்றுக்கு ஒரு பெரிய சங்கடம்: புத்தக எழுத்தோடு சேர்த்து ஒரே நேரத்தில் அச்சடிக்க முடியாது, ஏனென்றால் அச்செழுத்தில் மேடான பகுதிதான் மையை வாங்கும். படத்தையும் மேடாகச் செய்தால் இரண்டையும் ஒன்றாகக் கோத்து அடித்துவிடலாம். மரத்தில் வெட்டும் வழக்கம் பழையதுதான், ஆனால் முரடாக இருக்கும். நியூகாசில் நகரத்தில் இருந்த தாமஸ் பெவிக் அதை மாற்றினார். பலகையை நீளவாக்கில் அறுக்காமல், பாக்ஸ்வுட் என்ற இறுகிய மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், கத்திக்குப் பதில் செம்பு வெட்டும் உளியால் வெட்டினார். வெட்டுகிற இடம் வெள்ளையாக வரும், எனவே கறுப்பிலிருந்து வெள்ளையைத் தோண்டி எடுக்கும் வேலை. 1790இல் விலங்குகளைப் பற்றிய புத்தகம், 1797லும் 1804லும் பிரிட்டிஷ் பறவைகள் இரண்டு பாகம். பறவைகளின் இறகைப் பாருங்கள், அதைவிட அத்தியாயம் முடிகிற இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் படங்களைப் பாருங்கள்: மழையில் நனைந்துகொண்டு போகும் ஆள், ஆற்றைக் கடக்கும் கிழவர், வேலியோரம் நாய். ஒரு கட்டை விரலளவில் முழு இங்கிலாந்துக் கிராமமும் இருக்கும். மரக்கட்டை நன்றாக வெட்டியிருந்தால் பல்லாயிரம் பிரதிகளைத் தாங்கும் என்பது வெளியீட்டாளர்களுக்குப் பிடித்துப்போனது.

19ஆம் நூற்றாண்டில் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1820களில் செம்புக்குப் பதில் எஃகுத் தகடு வந்தது, கடினம் என்பதால் கோடுகளை இன்னும் நெருக்கமாக, மெல்லிசாக வெட்டலாம், தேயாது. 1840இல் வந்த உலகின் முதல் அஞ்சல்தலையான 'பென்னி பிளாக்'கில் இருக்கும் விக்டோரியா ராணியின் தலையை எஃகில் வெட்டியவர்கள் சார்லஸ் ஹீத், ஃபிரடெரிக் ஹீத் என்ற தந்தையும் மகனும். அந்த அஞ்சல்தலை மட்டும் 6 கோடிக்கும் மேல் அச்சானது. கல்லில் எண்ணெய்ப் பசையால் வரைந்து அச்சடிக்கும் லித்தோவும் பரவியது, வெட்டவே தேவையில்லை என்பதால் அது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

1842இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வாரப் பத்திரிகை தொடங்கியது, செய்தியோடு படங்கள், எல்லாம் மரச்செதுக்கு. இங்கே ஒரு சிக்கல். பாக்ஸ்வுட் மரம் பெருக்காது, குறுக்கே அறுத்தால் சின்னத் துண்டுதான் கிடைக்கும், ஆனால் பத்திரிகைக்கு முழுப்பக்கப் படம் வேண்டும், அதுவும் இந்த வாரமே வேண்டும். எனவே சின்னக் கட்டைகளைப் பின்பக்கம் திருகாணி போட்டு இணைத்து ஒரு பெரிய பலகை ஆக்கினார்கள். அதன்மேல் ஓவியர் படம் போட்டதும், முதன்மைச் செதுக்குநர் கட்டைகள் சேரும் கோட்டை ஒட்டிய பகுதிகளை மட்டும் வெட்டிவிடுவார், பக்கத்துக் கட்டையோடு கோடு பொருந்த வேண்டுமே. பிறகு கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் கையில் வானம், ஒருவர் கையில் குதிரைக் கால்கள், ஒருவர் கையில் பாதி முகம், விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம். விடிந்ததும் மறுபடி திருகி இணைத்து அச்சுக்குப் போகும். அந்தப் பத்திரிகையின் பழைய பக்கம் ஒன்று எப்போதாவது கிடைத்தால், படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டத்தையும் கட்டடங்களையும் ஊடறுத்துக்கொண்டு, முடியளவு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக மேலிருந்து கீழே இறங்கும், சில இடங்களில் குறுக்கேயும் போகும். ஒருவர் உளி நின்று அடுத்தவர் உளி தொடங்கிய இடம் அது.